மடிப்பிச்சைக்கு வந்த எலி

இந்த வருடமும் நாமக்கல் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்துவிட்டது. "முப்பத்தொண்ணாந்தேதி ஹாலோவீன் வெச்சிருக்கோம் சார். போன வருசம் வந்த எலியே வரட்டும். பசங்க வேற எதுவும் வேண்டாங்கறாங்க" என்றார் டீச்சர். வந்துடறேனுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பரணை நிமிர்ந்து பார்த்தேன். பழைய போர்வையை மூடிக்கொண்டு அந்தத் தலை அங்கே உட்கார்ந்திருக்கிறது. போர்வைக்குள் இரண்டு காதும் இரண்டு மேடாகத் தெரிகின்றன.

ஒரு வருடமாக நான் அதைக் கீழே இறக்கவில்லை. பிறந்தநாள், கடை திறப்பு என்று யார் வந்து எலி கேட்டாலும், காது கிழிந்து தைக்கப் போயிருக்கிறது, கரடி தரட்டுங்களா என்று சமாளித்து வருகிறேன். என் வீட்டுக்காரி மட்டும் ஒருநாள், "எலிக்குப் பயந்து ஊட்டைக் கொளுத்துன கதைதான். அதை வித்துத் தொலைங்க" என்றாள். விற்க மனம் வரவில்லை. இன்னொருவர் தலையில் அதை மாட்டிவிடுவது சரியில்லை என்று தோன்றியது.

எனக்கு இராசிபுரத்தில் வேஷத்துணி வாடகைக்கு விடுகிற கடை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டு லாரிக்குக் கிளீனராகப் போனவன். மிச்சப் படிப்பெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து வந்ததுதான். ஒருத்தர் ஒரு சொலவடை சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடே வேண்டாம். முதுகுவலி வந்து லாரியை விட்டபின், சேலத்தில் கடையைக் காலி செய்த ஒருவரிடம் ராஜா, மயில், அரக்கன், கரடி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி வந்தேன். அந்தக் குவியலுக்கு அடியில் இந்த எலியும் கிடந்தது.

எந்த எலி என்று பேர் சொல்ல வேண்டியதில்லை. தட்டு மாதிரி இரண்டு கறுப்புக் காது, வெள்ளைக் கையுறை, காது வரைக்கும் சிரிப்பு. பெற்றவர்கள் பேரை மறந்த பிள்ளைகூட இதன் பேரை மறக்காது. வெள்ளைக்காரர் நாட்டில் ஐப்பசி மாதம் பேய்களுக்கென்று ஒரு திருநாள் வருகிறதாம். அந்த நாளுக்கு இந்த எலியும் வருடா வருடம் கார்ட்டூனில் வேஷம் கட்டும். கறுப்பு அங்கி, கூர்த் தொப்பி, கையில் முகம் செதுக்கிய பூசணி. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, வாசலில் நின்று மிட்டாய் கேட்கும். இப்போது நம் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கும் அது வந்துவிட்டது. வகுப்பு வகுப்பாகக் கதவைத் தட்டுகிற எலியாகப் போன வருடம் நான்தான் போனேன்.

அந்தத் தலைக்குள் இருப்பது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிற வாயில் கறுப்பு வலை தைத்திருக்கும். அது வழியாகத்தான் பார்க்க வேண்டும். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஆட்களின் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. காற்றும் அந்த வலை வழியாக வந்தால்தான் உண்டு. ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குமேல் நின்றால் காதுக்குள் வண்டு பறக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நம் மூச்சு. அது உள்ளே அடைத்த பஞ்சில் மோதி, பின்னந்தலைப் பக்கம் சுற்றி, கொஞ்சம் தாமதமாக நம் காதுக்கே திரும்பி வரும். யாரோ நமக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு மூச்சு விடுவது போல இருக்கும். முதல் தடவை நானே திரும்பிப் பார்த்தேன். தலையும் என்னோடு சேர்ந்து திரும்பியது.

அன்றைக்கு யுகேஜி வகுப்பில் ஒரு குட்டிப்பெண் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு டீச்சரிடம் கேட்டாள். "மிஸ், எலி பேய் வேசம் போட்டிருக்கு. எலிக்குள்ள ஒரு அங்கிள் இருக்காரு. அங்கிளுக்குள்ள யாரு இருக்கா?"

டீச்சர் சிரித்தார். நானும் உள்ளே சிரித்தேன். என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகப் பின்னாலிருந்து வந்தது.

அதற்கடுத்த வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை. எங்கள் பக்கத்தில் இந்த ஆத்தாளுக்கு ஐப்பசியில்தான் நோன்பு சாட்டி விழா எடுப்பார்கள். கடையில் காளி வேஷமும் குறத்தி வேஷமும் பறந்துகொண்டிருந்த நேரம், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் விசைத்தறி ஓட்டுகிற பெண் வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் போய்விட்டால் வர மாதக்கணக்காகும். வீட்டில் அவளும் ஐந்து வயது மகளும்தான்.

"ஏனுங்கண்ணா, உங்ககிட்ட அந்த எலி இருக்குதாமா?"

"இருக்கு அம்மிணி. பாப்பாவுக்குப் பொறந்த நாளா?"

"இல்லீங்க. கோயிலுக்கு."

ஆடியில் மகளுக்கு அம்மை வார்த்திருக்கிறது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை சொருகி, தாளிப்பு நிறுத்தி, டாக்டர் மருந்தும் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் இறங்கவில்லை. சோறில்லை, தூக்கமில்லை. பிள்ளை அடங்கிக் கிடந்தது செல்போனில் அந்த எலிப்படம் ஓடுகிறபோது மட்டும்தான். அதுவும் எலி பேய்வேஷம் கட்டிக் கதவு தட்டுகிற அந்த ஒரு படம். காய்ச்சல் மண்டைக்கேறிய அன்று படம்கூட ஓடவில்லை, போனில் சார்ஜ் இல்லை. பிள்ளை வாசலைக் கைகாட்டி, "அம்மா, எலி நம்ம ஊட்டுக்கு வந்திருக்கு. போடச் சொல்லுது. என்னாச்சும் போடும்மா" என்றதாம்.

இன்னொரு ஊர்த் தாயாக இருந்தால் பிதற்றல் என்று ஈரத்துணி போட்டிருப்பாள். இவள் உடம்பு சிலிர்த்து எழுந்து நின்றிருக்கிறாள். வேஷம் கட்டி வாசல் வாசலாகப் போய் ஏந்தி நிற்பது யாருடைய வழக்கம்? மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சத்துணியை மடியாகக் கட்டி, தெருத்தெருவாக மடிப்பிச்சை எடுத்து, கிடைத்த அரிசியைக் கோயிலில் கொட்டுவதுதானே நம் ஊர் நேர்த்தி. ஆத்தா பிள்ளை வாயால் வேஷத்தின் பேரையும் சொல்லிக் கேட்கிறாள் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. "அதே வேசங் கட்டி மடிப்பிச்சை எடுத்து உங்கோயிலுக்கு வாரேன், எம்புள்ளைய எனக்கே உட்டுரு" என்று மஞ்சத்துணியில் காசு முடிந்துவிட்டாள். மறுநாள் காய்ச்சல் இறங்கியிருக்கிறது.

"செய்யாம உட்டா ஆத்தா குடுத்ததைத் திருப்பிக் கேப்பாளுங்க" என்றாள். கண்ணைப் பார்த்தேன். ஆடியிலிருந்தே அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது.

நான் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டிக்கொண்டவர்கள்தான் கட்ட வேண்டும் என்றாள். கறுப்பு அங்கி கோயிலுக்கு ஆகாதே என்று பூசாரியிடம் போனோம். அவர் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நாரதர் வேசம் வருது, போலீஸ் வேசம் வருது, எலி வந்தா ஆத்தாளுக்கு என்ன ஆகப்போவுது? கறுப்பை மட்டும் மாத்தி மஞ்சளைப் போர்த்து. கோயில் வாசல்ல நாந்தான் வேசங் கழட்டுவேன். அதுவரைக்கும் கழட்டக்கூடாது, குந்தக்கூடாது, 'மடிப்பிச்சை தாயே'ங்கிறதைத் தவிர வாய் பேசக்கூடாது. முக்கியமா, கேட்ட வாசல்ல ஒரு பிடியாச்சும் வாங்காம திரும்பக்கூடாது" என்றார். நேர்த்திக்காரர் எல்லோருக்கும் உள்ள சட்டம்தான். ஆனால் மற்றவர்கள் யாரும் பஞ்சுத் தலைக்குள் நின்று அதைச் செய்வதில்லை.

எனக்கு அதுதான் உறுத்தியது. மூச்சு முட்டினால் இரண்டு கையையும் தூக்கு, பூசாரி என்ன சொன்னாலும் சரி, நான் கழற்றிவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். சரியென்று தலையாட்டினாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்பட்டோம். தூறலும் வெயிலும் இல்லாத ஒரு மங்கல். அந்தத் தோற்றத்தை எப்படிச் சொல்வது. மஞ்சள் சேலையைத் தோளில் போர்த்த எலி. கூர்த் தொப்பியைச் சுற்றி வேப்பிலை மாலை. நெற்றியில், பண்டிகைக்கு வந்திருந்த அவள் மாமியார் அப்பிய உள்ளங்கை அகலக் குங்குமம். கீழே மஞ்சள் பூசிய வெறுங்கால். முன்னால் ஒரு பம்பைக்காரர், பின்னால் மகளைக் கைப்பிடித்துக்கொண்டு நான்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. தறி வீடு என்றால் எலிதானே முதல் எதிரி, தறியில் ஏற்றிய நூல்பாவைக் கடித்துவிடும். ஒரு பெரியவர் முறத்தில் அரிசியோடு வந்து, "எம்பாவை எத்தனை தடவை கடிச்சிருப்பே. இன்னிக்கு உனக்கே நான் அள்ளிப் போடறேன் பாரு" என்றார். அவர் மருமகள், "கும்புட்டுக்குங்க மாமா, அடுத்த தடவை உங்க பாவைக் கொஞ்சம் பாத்துக் கடிக்கும்" என்றாள். தெருவே சிரித்தது.

எந்த வீட்டிலிருந்து அந்தச் சிரிப்பு நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தறிச் சத்தம் நிற்பது போலத்தான். நின்ற பிறகுதான் நின்றது தெரிந்தது. வாசலுக்கு வருகிறவர்கள் அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார்கள். அது சிரித்தபடியே இருந்தது. அதற்குள்ளிருந்து, "மடிப்பிச்சை தாயே" என்று தொலைவிலிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது. உதடு அசையாத குரல். பார்த்தவர்கள் கையைக் குவித்தார்கள். மாடு ஒன்று கயிறை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. எப்போதும் என்னைத் துரத்துகிற நாய், வாலை ஒடுக்கிக்கொண்டு சாக்கடைக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தது. குரைக்கவில்லை.

"மாமா, அம்மா எங்கே?" என்றாள் கையைப் பிடித்திருந்த பிள்ளை.

"முன்னாடி போறது அம்மாதான் சாமி."

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நடந்தாள். "அது எலி" என்றாள்.

கோயில் தெருவுக்குத் திரும்புகிற முக்கில், மடி நிறைந்துவிட்டது. நேரே போனால் கோயில். அங்கேதான் எலி நேரே போகாமல் இடதுபுறச் சந்தில் இறங்கியது. சந்துக்குள் ஒரே வீடு. பம்பைக்காரர் பார்க்காமல் முன்னே போய்விட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி எட்டிப் பிடிப்பதற்குள், எலி அந்த வாசல் முன்னால் நின்று மடியை நீட்டி, "மடிப்பிச்சை தாயே" என்று கேட்டுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே புதிதாகச் சொருகிய வேப்பிலைக் கொத்து. வலை வழியே கீழே மட்டும் பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரியும். அந்த வீட்டில் ஆத்தா இருக்கிறாள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அம்மை கண்ட வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போகக்கூடாது. உப்பு, நெருப்பு, அரிசி, பிச்சை, எதுவும். கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொண்டு பிள்ளையைப் படுத்திவிடுவாள் என்பது நம்பிக்கை. கேட்டவளோ வாங்காமல் திரும்பக்கூடாது. திரும்பினால் அவள் பிள்ளைக்கு ஆகாது. இரண்டு தாய்மாரும் ஒரே ஆத்தாளின் இரண்டு சட்டங்களுக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்காரப் பெண் கதவைத் திறந்து, திறந்தபடியே நின்றாள். உள்ளே இருட்டிலிருந்து ஒரு பையன் குரல், காய்ந்து போன குரல் கேட்டது. "வந்துருச்சாம்மா? எலி வந்துருச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "காலைல இருந்து இதையே சொல்லிட்டிருக்கானுங்க. எலி வருது, எலி வருதுன்னு. நான் காய்ச்சல்ல உளர்றான்னு இருந்தேன்" என்றாள் மெல்ல.

அவன் எங்காவது பம்பைச் சத்தம் கேட்டிருக்கலாம். யாராவது ஜன்னலில் வந்து சொல்லியிருக்கலாம். நான் பிறகு அப்படித்தான் எண்ணிக்கொண்டேன். அந்த நேரத்தில் எண்ணவில்லை.

"ஏனுங்க, நான் எப்படிப் போடுவேன்? போட்டா எம்பையன்..." என்று அவள் நிறுத்திக்கொண்டாள்.

எலி நகரவில்லை. நான் வலைப்பக்கம் குனிந்து, "அம்மிணி, இது வேப்பிலை கட்டுன ஊடு. தெரியாம நின்னுட்டே. வா, ஆத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டா" என்றேன். அந்தப் பெரிய தலை மெதுவாக இடமும் வலமும் ஆடியது. சிரித்தபடியே ஆடியது. "அப்பத் தலையையாச்சும் கழட்டறேன்" என்றேன். மறுபடியும் ஆடியது. அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையாலும் நிறைந்த மடியைப் பிடித்திருந்தாள். மூச்சு முட்டினாலும் அவளால் கையைத் தூக்க முடியாது. தூக்கினால் அரிசி தெருவில் கொட்டிவிடும். தலை கொஞ்சங் கொஞ்சமாக ஒருபக்கம் சாய ஆரம்பித்தது. உள்ளே மூச்சு இழுபடுகிற சத்தம் வெளியே கேட்டது.

என் மனதில் ஓடியது ஒன்றுதான். பேசத் தெரிந்தவன் நான், பேச்சால்தான் இதை அவிழ்க்க வேண்டும். பிடுங்கிக் கழற்றினால் அவள் உயிர் பிழைப்பாள். ஆனால் நாளைக்கு அவள் மகளுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட இவள் செத்துச் செத்துப் பிழைப்பாள்.

கிளீனராக இருந்தபோது மோகனூர்க் காவிரிக்கரையில் ஒரு கிழவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிறந்த வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போனாலும், அக்கா தங்கை வீட்டுக்குப் போகிறவள் மடி நிறையப் போவாள் என்பார்.

"ஏம்மா, யாரு உங்கிட்டப் பிச்சை கேட்டா?" என்றேன் அந்த வீட்டுக்காரியிடம். "உள்ள இருக்கறதும் ஆத்தா, வாசல்ல நிக்கறதும் ஆத்தா. ஏழு பேரு அக்கா தங்கச்சிங்க அவிங்க. தங்கச்சி ஊட்டு வாசல்ல அக்கா மடியேந்துவாளா? சீர் கொண்டாந்திருக்கா. மடியைப் புடிச்சிருக்கறது வாங்கறதுக்கில்ல, கொட்டறதுக்கு. ஒரு முறத்தை வெய்யி. உள்ள வரட்டும்."

வெளியே போகக்கூடாது என்றுதான் சட்டம். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் ஓடிப்போய் முறம் கொண்டுவந்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள். நான் எலியின் காதில் சொன்னேன். "போடு அம்மிணி. ஒரு பிடி போடு, கணக்குத் தீந்துரும்."

எலி குனிந்தது. ஒரு பிடி போடவில்லை. மடியை அப்படியே அவிழ்த்துவிட்டது. ஊரெல்லாம் ஏந்திய அரிசி முழுக்க அந்த முறத்தில் குவிந்து வழிந்தது. கோயிலுக்கு இனி எதைக் கொண்டுபோவாள்?

நிமிர்ந்தபோது தொப்பி நிலையின் மேல்கட்டையில் இடித்தது. கொத்திலிருந்து காம்போடு ஒரு வேப்பிலை உதிர்ந்து, விரித்த மஞ்சத்துணியில் விழுந்தது. யாரும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்தோம். எலி துணியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பியது.

கோயில் வாசலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பாதித் தூரம் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே போனேன். பூசாரி மடியை அவிழ்த்து அந்த ஒற்றை இலையை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு, இலையை ஆத்தா காலடியில் வைத்து, தீர்த்தம் தெளித்து, தலையைக் கழற்றினார்.

முகம் முழுக்க வேர்வை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மண்டபத் தூணில் சாய்த்து உட்கார வைத்து, விசிறி, தண்ணீர் கொடுத்தோம். மகள் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, பிறகு வந்து மடியில் ஏறி, "இப்பத்தான் வந்தியாம்மா?" என்றாள். அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆடியிலிருந்து தேங்கியிருந்த அழுகை. அழுது முடித்து அங்கேயே, தூணிலேயே தூங்கிப்போனாள். எழுப்ப மனம் வராமல் நான் காவல் இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் விழித்தாள். பக்கத்தில் கிடந்த அந்தத் தலையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "ஏனுங்கண்ணா, நீங்க போட்டுக்கறப்ப உள்ள ரெண்டாவதா ஒரு மூச்சு கேக்குமுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பயந்திருக்கிறாள், விளக்கிச் சொல்லிவிடலாம் என்று, "அது உன்ற மூச்சுதான் அம்மிணி. பஞ்சுல மோதித் திரும்பி வரும். எனக்கும் அப்படித்தான்" என்றேன்.

"நானும் மொதல்ல அப்படித்தானுங்க நெனச்சேன். அந்தச் சந்துக்குள்ள, அந்த ஊட்டு முன்னாடி, பாக்கலாம்னு மூச்சை அடக்கினேன்." பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நான் அடக்கினப்பறமும் அது உட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. சந்துல திரும்பினது நான் இல்லீங்க. ஒரு பிடி போடுன்னு நீங்க சொன்னது கேட்டுச்சு. ஒரு பிடிதான் போடலாம்னு இருந்தேன்."

நான் அந்தத் தலையை எடுத்துத் தூணுக்கு அந்தப்பக்கம் வைத்தேன். வாழ்க்கையில் எனக்குச் சொலவடை கிடைக்காமல் போன நேரங்கள் ரொம்பக் குறைவு.

அந்தப் பையனுக்கு நாலைந்து நாளில் முத்து வாடி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தறிக்காரப் பெண்ணும் இப்போது நன்றாகத் தூங்குகிறாள், சதை போட்டிருக்கிறாள் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். எல்லோருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது. தலை மட்டும் என்னிடம் வந்துவிட்டது.

இன்று மத்தியானம் நாற்காலி போட்டு ஏறி இறக்கினேன். போர்வையை எடுத்தேன். நெற்றிக் குங்குமத்தை அப்போதே துடைத்தேன், சோப்புப் போட்டும் துடைத்தேன். போகவில்லை. வெளிர்ச் சிவப்பாக ஒரு வட்டம் பஞ்சுத் துணியில் இறங்கி நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் தொப்பியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் மறைந்துவிடும். கறுப்பு அங்கியை வெயிலில் காயப் போட்டேன். காதைத் தட்டித் தூசி எடுத்தேன்.

பிறகு கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். எல்லாம் பழையபடிதான். வேர்வை வாடையோடு கொஞ்சம் வேப்பிலை வாடை. வலைக்குக் கீழே என் காலும் வாசல்படியும். பின்னந்தலைப் பக்கம் அந்த மூச்சு, கொஞ்சம் தாமதமாக.

அடக்கிப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். மூச்சை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டும் ஆயிற்று. அப்புறம் தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டு, ஏனுங்க மழை வருமுங்களா என்று கேட்டேன். எலித் தலையோடு கேட்டதில் அவர் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி போகத்தான் போகிறேன். குழந்தைகள் காத்திருப்பார்கள். உள்ளே இருக்கிற நேரம் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதாக இருக்கிறேன். பேச்சுக்கு என்னிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. பேசுகிறவனுக்குத் தன் மூச்சே கேட்காது.